நழுவும் செருப்பும் கழுத்தெலும்பும்

பெர்ன்ஹில்லிலிருந்து ஊட்டி மார்க்கெட்டுக்கு இறங்கும் பாதையில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அக்காவின் ஒரு செருப்பு மட்டும் பின்னால் கிடந்தது. அவர் இருபதடி தள்ளிப் போய்விட்டிருந்தார். "அக்கா, செருப்பு" என்று கூப்பிட்டதும் குனிந்து காலைப் பார்த்தார். கால் வெறுமையாக இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "குளிருக்கு மரத்துப் போச்சு கண்ணு" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். செருப்பின் வார் விரலிடுக்கில் நுழையவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை முயன்றுதான் மாட்டினார். அது ஜனவரி மாதம், புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்த காலை. நானும் குளிர்தான் காரணம் என்று நம்பினேன்.

குளிர் இல்லை என்று தெரிய இன்னும் பல மாதங்கள் ஆயின. முப்பது ஆண்டுகளுக்கு மேல் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்தவர் அவர். சும்மாடு வைத்து கேரட் மூட்டையும் விறகுக் கட்டும் சுமந்த தலை. இரண்டு ஆண்டுகளாகவே கை மரமரப்பு இருந்திருக்கிறது. ஒரு தனியார் கிளினிக்கில் சத்து ஊசி போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஸ்வெட்டர் பொத்தானைப் பேரன் போட்டுவிடுவான். பாட்டிக்குக் கண் சரியில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் வாசற்படியில் விழுந்து, கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, கழுத்தில் இரண்டு இடங்களில் தண்டுவடம் நசுங்கியிருப்பது தெரிந்தது. எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் மருத்துவர். "கழுத்துல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்" என்று உறவு முழுக்கத் திரண்டு வந்து எதிர்த்தது.

இந்த அறுவை சிகிச்சையைப் பற்றி நம்மிடம் இருக்கும் கணக்கு தலைகீழானது என்பது என் எண்ணம். கழுத்து வலிக்கிறது என்பவர் தாமாகவே ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்ய வேண்டி வருமோ என்று தூக்கம் கெடுகிறார். வலியே இல்லாமல் கை தடுமாறுகிறவர் வீட்டோடு இருந்துவிடுகிறார். முதலாமவருக்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. இரண்டாமவருக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் நட்டம்.

கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். மேலே இருக்கும் முதல் இரண்டுக்கு நடுவே ஜவ்வு கிடையாது. அங்கிருந்து கீழே ஒவ்வோர் இணைக்கும் இடையில் ஒரு ஜவ்வு உண்டு. இந்த எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து உண்டாக்கும் குழாய்க்குள், ஏறக்குறைய நம் சுண்டுவிரல் பருமனில், தண்டுவடம் இறங்குகிறது. கைக்கும் காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மூளை அனுப்பும் உத்தரவு எல்லாம் இதன் வழியாகத்தான் போக வேண்டும். பக்கவாட்டில் கிளை பிரியும் நரம்புகள் தோளுக்கும் கைக்கும் போகின்றன. வயதாக ஆக ஜவ்வு வறண்டு தட்டையாகிறது, சில சமயம் பிதுங்குகிறது, எலும்பின் ஓரங்களில் முள்போலப் புது எலும்பு வளர்கிறது. 'கழுத்து எலும்பு தேய்மானம்' என்று நாம் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் இது நடப்பது ஐந்தாம், ஆறாம், ஏழாம் எலும்புகளுக்கு இடையில்.

பிதுங்கிய ஜவ்வு பக்கத்துக் கிளை நரம்பை அழுத்தினால் ஒரு வகை நோய். நடுவில் இருக்கும் தண்டுவடத்தையே அழுத்தினால் வேறொரு நோய். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிளை நரம்பு அழுத்தப்பட்டால் வலிக்கும். அதுவும் சாதாரண வலி இல்லை. கழுத்திலிருந்து தோள்பட்டை வழியாகக் கை முழுக்க இழுக்கும். ஆறாம் நரம்பு என்றால் கட்டைவிரல் பக்கம் மரக்கும், ஏழாம் நரம்பு என்றால் நடுவிரல், எட்டாம் நரம்பு என்றால் சுண்டுவிரல். கையைத் தலைமேல் தூக்கி வைத்தால் சிலருக்கு வலி குறையும். இரவு முழுக்க அப்படியே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. பார்க்கிறவருக்கு இதைவிடப் பெரிய நோய் இல்லை என்று தோன்றும். ஆனால் இது பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள் மருந்து, ஓய்வு, பிசியோதெரபி ஆகியவற்றாலேயே அடங்கிவிடும். பிதுங்கிய ஜவ்வில் ஒரு பகுதியை உடலே கரைத்துக்கொள்வதும் உண்டு. அத்தனை வாரம் கடந்தும் வலி தாங்க முடியாமல் இருந்தாலோ, கையின் வலு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனாலோதான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வர வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இரவில் விரல்கள் மரத்து விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறது என்றால், கோளாறு கழுத்தில் இல்லாமல் மணிக்கட்டு நரம்பில் இருக்கலாம். அதற்குக் கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பயனில்லை.

ஸ்கேன் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழுத்துத் தொந்தரவு எதுவுமே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபது வயதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படி இருந்தது. ஆகவே, அறிக்கையில் 'ஜவ்வு பிதுக்கம்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அழுகிறவர்கள், நாற்பது வயதில் தலை நரைத்திருக்கிறது என்று அழுவதுபோல்தான் அழுகிறார்கள். படத்தில் தெரிவது நோயாளியின் உடலில் தெரிவதோடு பொருந்தினால்தான் அதற்கு அர்த்தம். வெறும் கழுத்து வலிக்கும், பிடரி இறுக்கத்துக்கும், தலைவலிக்கும் எலும்பை இணைக்கத் தேவையில்லை. தலைச்சுற்றல் வந்தாலே 'ஸ்பாண்டிலைடிஸ்' என்று பட்டை மாட்டிக்கொள்ளும் வழக்கம் வேறு இருக்கிறது. படுக்கையில் புரளும்போது உலகமே சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு உள்காதில். கழுத்துப் பட்டை பாவம், என்ன செய்யும்?

இனி தண்டுவடம். இங்கே அழுத்தம் வந்தால் வலி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கை நுணுக்கம் போகும். பொத்தான், ஊசியில் நூல் கோப்பது, சில்லறை எண்ணுவது, சோற்றைப் பிசைந்து உருட்டுவது என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும். கையெழுத்து மாறும். கால் கனமாகி, நடை விறைத்து அகலும். செருப்பு கழன்று விழுவதே தெரியாது. கழுத்தைக் குனித்தால் முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுவதெல்லாம் கடைசியில் வருவது. இவை ஒரே நாளில் வருவதில்லை. சில மாதம் ஒரே நிலையில் நின்று, பிறகு ஒரு படி இறங்கி, மறுபடி நின்று, இப்படியே போகும். நிற்கும் மாதங்களில் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சமவெளியில் இருப்பவர்களைவிட மலையில் இருப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதை அந்த அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெர்ன்ஹில் என்றால் மைசூர் மகாராஜாவின் அரண்மனையும், நடராஜ குரு 1923இல் தொடங்கிய நாராயண குருகுலமும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். குடியிருக்கும் எங்களுக்கு ஏற்றமும் இறக்கமும்தான் ஊர். இங்கே தடுமாறி நடக்காதவர் யார்? நடை தள்ளாடினால் பாதை வழுக்குகிறது என்போம். விரல் மரத்தால் பனி என்போம். அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனால் அதுவும் குளிரின் கணக்கில்தான். சர்க்கரை நோய் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், எல்லாமே சர்க்கரையின் தலையில் விழும். நோயின் ஒவ்வோர் அறிகுறிக்கும் ஊட்டியின் தட்பவெப்பம் ஒரு சாக்கு வைத்திருக்கிறது.

சாக்கை விலக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. கையை நன்றாகச் சூடுபடுத்திக்கொண்டு, உள்ளங்கையைக் கீழ்நோக்கி நீட்டி, விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரிக்க வேண்டும், முடிந்தவரை வேகமாக. பத்து நொடியில் எத்தனை தடவை என்று இன்னொருவர் எண்ண வேண்டும். இருபது அல்லது அதற்கு மேல் வர வேண்டும். ஜப்பானிய மருத்துவர்கள் 1980களில் முறைப்படுத்திய சோதனை இது. குறைந்தால் தண்டுவட நோய்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, முடக்குவாதத்திலும் குறையலாம். ஆனால் பொத்தானும் செருப்பும் சேர்ந்து தடுமாறினால் உடனே நரம்பியல் மருத்துவரையோ முதுகுத்தண்டு மருத்துவரையோ பார்த்துவிட வேண்டும். அவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு சிறிய ரப்பர் சுத்தியலும் ஐந்து நிமிடமும்தான். ஸ்கேன் அதற்குப் பிறகு.

தண்டுவட அழுத்தம் உறுதியானால் என்ன செய்வது? 2017இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்களின்படி, நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் அறுவை சிகிச்சையே பரிந்துரை. இலேசாக இருந்தால் அறுவை சிகிச்சை, அல்லது மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் பயிற்சி. மோசமானால் கத்திக்கு மாறிவிட வேண்டும். இங்கே குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இந்த அறுவையின் முதல் வேலை மேலும் கெடாமல் நிறுத்துவது. போனது எவ்வளவு திரும்பி வரும் என்பது, எவ்வளவு காலம் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்தது. நசுங்கிய தண்டுவடத்தை ஊசியாலோ எண்ணெயாலோ மீட்க முடியாது. கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பது ஆபத்தையே கூட்டும். முடிவெட்டும் கடையில் இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சொடக்கை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

'இணைப்பு' என்ற பெயரே பலரைப் பயமுறுத்துகிறது. உண்மையில் மருத்துவர் உள்ளே போவது அழுத்தத்தை எடுக்கத்தான். பிதுங்கிய ஜவ்வை முழுதாக எடுத்தால் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழும். அதைச் சும்மா விட முடியாது என்பதால் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டையோ ஒரு சிறு கூண்டையோ வைத்து, முன்னால் டைட்டானியம் தகடும் திருகும் போடுகிறார்கள். தகடு தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்து வரும் மாதங்களில் எலும்பு வளர்ந்து, இரண்டும் ஒன்றாகும். வயலில் வரப்பை உடைத்தால் மறுபடி மண் அணைக்க வேண்டியிருப்பதுபோலத்தான் இதுவும். புகை பிடிக்கிறவர்களுக்கு இந்த எலும்பு வளர்ச்சி தாமதமாகும், சிலருக்கு ஒட்டாமலே போகும். அறுவைக்கு முன் பீடியை நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு வியப்பு, கத்தி வைப்பது பிடரியில் இல்லை, தொண்டைப் பக்கத்தில். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ராபின்சன், ஸ்மித் இருவரும் 1950களின் நடுவில் இந்த வழியை விவரித்தார்கள். 1958இல் ஹவாய்த் தீவுகளின் ரால்ஃப் கிளோவர்டு தம் முறையை வெளியிட்டார். பேர்ல் ஹார்பர் தாக்குதலில் தலைக்காயம் பட்டவர்களுக்கு சிகிச்சை அளித்த நரம்பு அறுவை மருத்துவர் அவர். மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒரு பக்கம் ஒதுக்கினால், பெரிய தசை எதையும் வெட்டாமல், தண்டுவடத்தைத் தொட்டு நகர்த்தாமல் எலும்பின் முன்பக்கத்துக்குப் போய்விடலாம் என்பதே இதன் சிறப்பு. பல மட்டங்களில் அழுத்தம் இருந்தால், அல்லது பின்பக்க நாரே எலும்பாக இறுகிப்போயிருந்தால், பிடரி வழியாகச் சென்று குழாயை அகலப்படுத்துவார்கள். கதவு திறப்பதுபோல் எலும்பை ஒரு பக்கம் திறந்துவைக்கும் ஜப்பானிய முறையில் இணைப்பே தேவைப்படாமலும் போகலாம். தகுந்த சிலருக்குச் செயற்கை ஜவ்வும் உண்டு. எந்த வழி என்பது நோயாளிக்கு நோயாளி மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்ததையே தமக்கும் கேட்பது சரியல்ல.

கழுத்து திரும்பாமல் போய்விடுமா? இதுதான் எல்லோரும் கேட்பது. தலையைப் பக்கவாட்டில் திருப்பும் அசைவில் சுமார் பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே நடக்கிறது. கீழே ஒரு மட்டம் இணைந்தால் பலருக்கு வித்தியாசமே தெரியாது. மூன்று, நான்கு மட்டங்கள் என்றால் தெரியும். மாறாக, மேல் இரண்டு எலும்புகளையே இணைக்க நேர்ந்தால் இழப்பு பெரிது. பிறவிக் கோளாறு, முடக்குவாதம், எலும்பு முறிவு ஆகியவற்றால் அந்த மூட்டு நிலைகுலையும்போது அதைச் செய்தே ஆக வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் தகடும் திருகும் வைத்து இணைக்கும் முறையை மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1994இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் அவர் பெயர் சொல்லிச் செய்யப்படும் முறை அது. நம் நாட்டு மாநகராட்சி மருத்துவமனை ஒன்றிலிருந்து போனது என்பதை அழுத்திச் சொல்லலாம்.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். குரல் கம்மலாம், விழுங்கச் சிரமமாகலாம். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், அரிதாக நிலைக்கும். தோளைத் தூக்க முடியாத பலவீனம் சிலருக்கு வரும். தொற்று, ரத்தக்கட்டு, தண்டுவடக் காயம் ஆகியவை அரிது என்றாலும் உண்டு. இணைந்த எலும்புக்கு அடுத்த ஜவ்வு அதிகச் சுமை தாங்கித் தேய்வதாகவும் ஒரு கவலை இருக்கிறது. முன்வழியில் இணைப்பு செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆண்டுக்கு 2.9 சதவீதம் பேருக்கு அடுத்த மட்டத்தில் புதிய தொந்தரவு வந்ததாகக் கணக்கிட்டது. அது இணைப்பின் விளைவா, வயதின் விளைவா என்ற விவாதம் ஓயவில்லை. வெறும் வலிக்காக இந்த அறுவைக்கு அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அவசரப்பட வேண்டிய இடம் விபத்து. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வண்டி கவிழ்ந்தாலும், சவுக்கு மர உச்சியிலிருந்து கிளை வெட்டுகிறவர் விழுந்தாலும், நம் மக்கள் ஓடிவந்து கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, கிடைத்த ஜீப்பில் மடக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். நல்ல மனதுதான். ஆனால் கழுத்து முறிந்தவரின் தண்டுவடம் அந்தத் தூக்கலில் மேலும் காயப்படலாம். வண்டி தீப்பிடிக்கும், உருளும் என்ற நிலை இல்லாவிட்டால் அவரை அசைக்காமல், தலையை இரண்டு கைகளாலும் உடலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு 108க்குக் காத்திருப்பதே உதவி. நகர்த்தியே ஆக வேண்டுமானால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். கட்டுப் போடும் வைத்தியரிடம் கொண்டுபோகவே கூடாது. தண்டுவடக் காயத்தில் 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கினால் பலன் கூடுதல் என்பதை 2012இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. மலையிறங்கும் நேரமும் அந்த 24இல்தான் அடக்கம்.

கழுத்துக் காயம் என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஆய்க்குடியைச் சொல்ல வேண்டும். கடற்படை அதிகாரித் தேர்வுக்காக 1975இல் பெங்களூரு சென்ற கல்லூரி மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், அங்கே நடந்த உடல்திறன் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவரே 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்துக்குச் சூட்டினார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அறுவை அரங்குக்கு வெளியே தொடரும் மறுவாழ்வுப் பயிற்சிக்குத் தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் ஆய்க்குடியும் போட்ட பாதை இருக்கிறது. நீலகிரியில் அந்த வரிசையில் சொல்ல ஓரிடம் வேண்டும்.

தேய்மானம், விபத்து தவிர எலும்புக் காசநோயும் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் காசநோய் என்றதும் அறுவை என்று பொருளில்லை. முதுகெலும்புக் காசநோயைப் பெரும்பாலும் மாத்திரையாலேயே, நோயாளி நடமாடிக்கொண்டே குணப்படுத்தலாம் என்பதை உலகுக்குச் சொன்ன ஆய்வுகளில் நம் சென்னையில் நடந்தவை முக்கியமானவை. தண்டுவடம் அழுத்தப்பட்டாலோ எலும்பு சரிந்தாலோதான் கத்தி.

இனி சுமைக்கு வருவோம். தலைச்சுமைதான் கழுத்தைக் கெடுத்தது என்று எந்த ஒரு நோயாளியையும் காட்டி நிரூபிக்க முடியாது. வயதும் பரம்பரையும் பெரிய பங்கு வகிக்கின்றன. ஆனாலும் கானா போன்ற நாடுகளில் தலைச்சுமைக்காரர்களின் கழுத்தை ஆராய்ந்தவர்கள் அவர்களிடம் தேய்மானம் கூடுதலாக இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு இன்னும் கணிசமாகக் குறைய வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. அதையொட்டிய உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றது. கேத்தி பள்ளத்தாக்கின் படிக்கட்டு வயல்களிலிருந்து சாலைக்கு மூட்டை ஏறும்போது யார் எடை போட்டுப் பார்க்கிறார்கள்? விளைச்சலுக்கு எடை போடும் தராசு இருக்கிறது. சுமக்கிறவருக்காக ஒருமுறை அதே தராசைப் பயன்படுத்தலாம்.

ஊட்டியில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பல வீடுகளில் இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், பிசியோதெரபியும் தருகிறார்கள். கட்டடமும் ஆட்களும் இருக்கையில், நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் ஒன்றல்ல. இந்த ஊழியர்கள் நீலகிரியில் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் மூன்று கேள்விகள் சேர்த்துக் கேட்கட்டும். பொத்தான் போட முடிகிறதா? செருப்பு தெரியாமல் கழல்கிறதா? இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடிகிறதா? கூடவே அந்தப் பத்து நொடிச் சோதனை. தடுமாறுகிறவர்களை ஊட்டியில் ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்து, தேவைப்படுகிறவர்களை மட்டும் கீழே அனுப்பட்டும். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் அடுத்த உறைபனிக் காலத்துக்குள் தொடங்கிவிடலாம்.

அந்த அக்கா உறவின் எதிர்ப்பை மீறி அறுவை செய்துகொண்டார். இரண்டு மட்டங்கள் இணைத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். குரல் ஒரு மாதம் கம்மியிருந்தது. இப்போது ஸ்வெட்டர் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார். நடை முழுதாகத் திரும்பவில்லை. கையில் ஒரு கோல் வைத்திருக்கிறார். செருப்புக்குப் பதிலாகப் பின்பக்கம் வார் வைத்துக் கட்டும் காலணி. இரண்டு ஆண்டுக்கு முன்பே வந்திருந்தால் கோல் வேண்டியிருக்காது என்று மருத்துவர் சொன்னாராம்.